தேர்ச்சி விகிதமும் வாசிப்பு மறுப்பும்

விருதுநகர் மாவட்டம் படிப்பில் முதலிடம் என்று கேட்டுக் கேட்டு நமக்கெல்லாம் காது பழகிப்போய்விட்டது. பத்தாவது ரிசல்ட் வந்தாலும் பன்னிரண்டாவது ரிசல்ட் வந்தாலும் பட்டியலின் தலைமாட்டில் நம்ம மாவட்டத்துப் பெயர் ரொம்ப காலம் இருந்து வந்திருக்கிறது. இடையில் திருப்பூர்க்காரர்கள் முந்தினார்கள். 2023இல் பிளஸ் டூ தேர்வில் 97.85 சதவீதத்தோடு மறுபடியும் விருதுநகர்தான் முதலிடம். காமராசர் பிறந்த ஊராச்சே, பெருமைப்பட வேண்டாமா என்று கேட்பார்கள். படட்டும். என்னிடம் இருப்பது ஒரே ஒரு கேள்வி. அப்படிப் பாஸான நம்ம தெருப் பிள்ளைகளிடம், அவர்கள் பாஸான அதே இங்கிலீஷ் பேப்பரை ஆறு மாசம் கழித்துக் கொடுத்தால், அதில் இருக்கிற ஒரு பத்தியை வாசித்து என்ன சொல்லியிருக்கிறது என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

சிவகாசிக்குக் கிழக்கே ஒரு காலனியில் ராத்திரிப் பள்ளி நடத்துகிறோம். அம்மா அப்பா ரெண்டு பேரும் வெடி ஆபிசுக்கோ தீப்பெட்டி ஆபிசுக்கோ போகிற வீட்டுப் பிள்ளைகள். நான் தமிழ் எம்.ஏ. இங்கிலீஷ் சொல்லித்தர வேறு ஆள் கிடைக்காததால் அதையும் நானே பார்க்கிறேன். ஒவ்வொரு வருசமும் பத்தாவது பிள்ளைகள் பகலில் சிறப்பு வகுப்பில் கற்றுக்கொண்டு வருகிற வித்தை ஒன்று உண்டு. பள்ளி மாறினாலும் வித்தை மாறுவதில்லை. அதை அவர்கள் வாயாலேயே சொல்கிறேன்:

"கேள்வியில பெரிய சொல்லு எதுன்னு பாக்கணும் சார். அதுக்கு அடியில கோடு போடணும். அந்தச் சொல்லு பத்தியில எங்கிட்டு இருக்குன்னு தேடணும். கண்டுபிடிச்சா அந்த வரிய புள்ளி வரைக்கும் அப்படியே எழுதிறணும். ஹூன்னு கேட்டா நடுவுல பெரிய எழுத்துல ஆரம்பிக்கிற பேரு. வென்னுன்னு கேட்டா நம்பரு. வேர்னு கேட்டா இன்னுக்குப் பெறகு வர்ற சொல்லு. பத்திய வாசிக்கவே வேணாம் சார். வாசிச்சா டயம் போயிரும்."

கடைசி வாக்கியத்தை மறுபடி வாசியுங்கள் தோழர்களே. வாசித்துப் புரிந்துகொள்கிறாயா என்று சோதிக்க வைத்த கேள்விக்கு, வாசிக்காமல் இருப்பதுதான் வழி என்று பாடம் நடக்கிறது. அதற்குக் கீவேர்டு என்று பெயர். அது மினிமம் மெட்டீரியலில் அச்சாகிறது. கைடில் கட்டம் கட்டி வருகிறது.

இந்த வித்தையின் யோக்கியதையைப் பார்க்க நான் தமிழிலேயே ஒரு சோதனை வைத்தேன். நானே கட்டின பொய்ச் சொற்களால் ஒரு பத்தி. "குறம்பான் மிளுவையைச் சிமட்டினான். அதனால் மிளுவை தொமிந்து போயிற்று. மூன்றாம் நாள் அதைப் பரணையில் நெக்கிவைத்தார்கள்." இதற்குக் கேள்வி: மிளுவையைச் சிமட்டியது யார்? அது என்ன ஆயிற்று? எந்த நாளில் எங்கே நெக்கிவைத்தார்கள்? எட்டாவது படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் முழு மார்க் வாங்கினார்கள். மிளுவை என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கும் பழக்கத்தைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்களே. நம் பிள்ளைகளுக்கு முன்னால் வைக்கப்படும் இங்கிலீஷ் பத்தி ஒவ்வொன்றும் அவர்களுக்கு இந்த மிளுவைப் பத்திதான். பாஸ் என்பது மிளுவை தொமிந்த கதைக்கு விழுந்த மார்க்.

கான்வென்டில் படிக்கிறவனும் கீவேர்டு தேடத்தானே செய்கிறான், வங்கித் தேர்வுக்கு எழுதுகிறவன், வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் எழுதுகிற நர்ஸ் எல்லாருமே அதைத்தானே பழகுகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அவன் வாசிக்கத் தெரிந்த பிறகு நேரத்தை மிச்சம் பிடிக்க அதைப் பயன்படுத்துகிறான். வீட்டுக்குள் புழங்குகிறவன் இருட்டிலும் கைவிட்டுத் தேடி எடுப்பான். நம் பிள்ளையை வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியே கையை மட்டும் நீட்டச் சொல்லி, கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போ என்கிறார்கள். அவனுக்கு அது வாசிப்புக்கு மேலே ஒரு வசதி. நமக்கு வாசிப்புக்குப் பதிலாகத் தருகிற சமாச்சாரம். இரண்டும் ஒன்றென்று சொல்பவர்களுக்கு ரெட்டைத் தம்ளரும் ஒரே டீதான்.

இங்கே நான் படித்த தமிழ் எனக்கு உதவுகிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் பெயரியல், வினையியல் முடிந்ததும் இடையியல் வருகிறது. இடைச்சொல்லுக்குத் தனியாக நின்று பொருள் தருகிற வலு இல்லை. பெயரோடும் வினையோடும் சேர்ந்து நின்று அவற்றின் பொருளைத் திருப்பும், கூட்டும், குறைக்கும். கீவேர்டு என்று நம் பிள்ளைகள் கோடு போடுவதெல்லாம் பெயரும் வினையும்தான். நாட், அன்லெஸ், எக்செப்ட், ஒன்லி, அதர்வைஸ் என்ற சின்னச் சொற்களுக்கு யாரும் கோடு போடுவதில்லை. தமிழில் மறுப்பு பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வினையோடு ஒட்டிக்கொண்டு வரும். செய்யக் கூடாது, தரவில்லை என்று முடிக்கிற இடத்தில் வந்து நிற்கும். கடைசிவரை போனவனுக்குத் தப்பாது. இங்கிலீஷில் அது வினைக்கு முன்னாலேயே பூனைமாதிரி உட்கார்ந்திருக்கும். அன்லெஸ் வாக்கியத்தின் தலையிலேயே நின்றுவிடும். பெரிய சொல்லுக்குப் பெரிய சொல் தாவுகிற கண் அதைத் தாண்டிப் போய்விடும். கேள்வி தயாரிக்கிற ஆள் குழியைத் தோண்டுவதும் அந்த இடத்தில்தான்.

பரீட்சையில் குழி விழுந்தால் மார்க் போகும். நம்ம பகுதியில் உயிரும் உரிமையும் அந்தச் சின்னச் சொற்களில்தான் கிடக்கிறது.

1923ஆம் வருசத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். வேலையில் செத்துப்போனவரின் குடும்பத்துக்குப் பணம் எப்படித் தர வேண்டும் என்று அதன் 8ஆம் பிரிவு சொன்னது. அதற்கென்று உள்ள கமிஷனரிடம் கட்டுவதைத் தவிர வேறு வழியில் தரக் கூடாது, முதலாளி நேரடியாகக் கொடுக்கிற எந்தத் தொகையும் இழப்பீடு கொடுத்ததாகக் கருதப்படாது என்பது சாரம். இதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதுகிற ஒப்பந்தம் செல்லாது என்றது. அந்தச் சட்டம் இப்போது 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் சேர்ந்து, 2025 நவம்பரில் தொகுப்பு அமலுக்கு வந்திருக்கிறது. நான் சொல்ல வருவது அந்த 8ஆம் பிரிவின் வாக்கியக் கட்டைப் பற்றி. அதை நம் கீவேர்டுப் பிள்ளையிடம் கொடுத்து, இழப்பீட்டை யார் எப்படித் தரலாம் என்று கேளுங்கள். பேமென்ட், காம்பன்சேஷன், டைரக்ட்லி, எம்ப்ளாயர் என்று நாலு சொல்லையும் ஒரே வரியில் கண்டுபிடிப்பான். முதலாளி நேரடியாகத் தரலாம் என்று எழுதுவான். சட்டம் சொன்னதற்கு நேர் எதிர். "நோ" என்ற ரெண்டெழுத்தும் "அதர்வைஸ் தேன்" என்ற ரெண்டு சொல்லும் அவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

இது கற்பனைக்குச் சொன்னதில்லை. விபத்து நடந்த மூன்றாம் நாள், துட்டி வீட்டுத் திண்ணையில், பத்திரத்தில் கையெழுத்து வாங்க வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் பத்தாவது பாஸான பிள்ளை இருக்கும். பெரியவர்கள் அதைக் கூப்பிட்டு, "நீ படிச்ச புள்ளதான, என்னா போட்டிருக்குன்னு பாரு தாயி" என்று பேப்பரை நீட்டுவார்கள். பிள்ளை பார்க்கும். அம்மாவோட பேரு இருக்கு, ரூபா இருக்கு, ஊரு பேரு இருக்கு என்று சொல்லும். அது கற்றுக்கொடுக்கப்பட்ட மாதிரியே வாசிக்கிறது. ஹூ, ஹவ் மச், வேர். மூன்றுக்கும் விடை சரி. "இதற்குமேல் எந்த உரிமையும் கோர மாட்டோம்" என்ற வரி மட்டும் கண்ணில் படாது. அந்தப் பிள்ளையின் குற்றமா அது? பள்ளிக்கூடம் போகாத கிழவி, "விளங்காத காயிதத்துல நான் கைநாட்டு வைக்க மாட்டேன்" என்றாவது சொல்வாள். பாஸான பிள்ளைக்கு அந்தத் தற்காப்பும் போய்விட்டது.

பட்டாசு ஆலைக்குள் வாருங்கள். பெரிய ஆலைகளுக்கு லைசென்சு தருவது மத்திய அரசின் வெடிபொருள் துறை. தலைமை அலுவலகம் நாக்பூரில். காகிதமெல்லாம் இங்கிலீஷ். மருந்து செலுத்துகிற அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விதி. இதைக் கீவேர்டாக வாசித்தால் "நாலு பேர், அறை" என்று மட்டும் மிஞ்சும். "மேல் கூடாது" காணாமல் போகும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி. 38 பேர் செத்தார்கள். 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். இருபதுக்கும் மேலே. ஒவ்வொரு தடவையும் விதி மீறல், உள்குத்தகை, அளவுக்கு மேல் ஆள், அளவுக்கு மேல் மருந்து என்று பத்திரிகையில் வருகிறது. விதியைப் படிக்கத் தெரிந்தவன் மீறுகிறான். மீறலில் சாகிறவனுக்கு விதி எந்த மொழியில் இருக்கிறதென்றே தெரியாது. வாசிக்கத் தெரிந்தால் மட்டும் வெடி வெடிக்காதா என்று கேட்பீர்கள். வெடிக்கும். கூலிக்கு வேறு வழி இல்லாதவன் தெரிந்தேதான் உள்ளே போகிறான். ஆனால் நாலு பேருக்குமேல் ஏன் உட்கார வைக்கிறாய் என்று போர்மேனிடம் கேட்கவும், செத்தபிறகு திண்ணையில் வந்து உட்காருகிறவனிடம் பேனாவைத் திருப்பிக் கொடுக்கவும் விதி கையில் இருக்க வேண்டும்.

வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். விருதுநகர் நாடார்கள் மகமை போட்டுச் சேர்த்த பணத்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சத்திரிய வித்தியாசாலையைக் கட்டினார்கள். கோயிலுக்குள் விடாத சமூகம், 1899இல் சிவகாசிக் கலவரத்தைச் சந்தித்த சமூகம், அடுத்தவன் படிப்புத் தரட்டும் என்று காத்திருக்கவில்லை. 1920களில் ஐயநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அதிலிருந்து நாம் படிக்க வேண்டியது நிறைய. அப்படிக் கொண்டுவந்த தொழிலில் அறிவு ஒரு பக்கமும் மருந்து ஒரு பக்கமுமாகப் பிரிந்தது. எந்த உப்பு எதோடு சேர்ந்தால் பற்றும் என்கிற அறிவு ஆபிசுக்குள் இருந்தது. அந்த உப்பைக் கையால் அளைகிற வேலை காலனிக்கும் கரிசக்காட்டுக் கூலி ஜனங்களுக்கும் வந்தது.

சின்னப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான். விடியுமுன்னே வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும். கட்டை அடுக்கும், பெட்டி ஒட்டும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பர் 10ஆம் தேதி, சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். எத்தனையோ பேர் போராடி வாங்கின தீர்ப்பு. அதற்கு முன்னாலேயே காமராசரின் மதிய உணவும் எம்.ஜி.ஆரின் சத்துணவும் வந்திருந்தன. சோறு கிடைத்தது, பெஞ்சு கிடைத்தது. பிறகு புத்தகமும் சைக்கிளும் மடிக்கணினியும் வந்தன. ஒன்றையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வந்து உட்கார்ந்த பிள்ளைக்குக் கொடுத்தது என்ன? தீப்பெட்டி ஆபிசில் கட்டைக்குள் குச்சி அடுக்குகிற விரலுக்குக் குச்சி எதற்கென்று தெரிய வேண்டியதில்லை, வரி தப்பாமல் அடுக்கினால் போதும். பள்ளிக்கூடத்தில் கண்ணுக்கு அதே வேலை. சொல்லைப் பிடி, வரியை எடு, தாளில் அடுக்கு.

இதை யார் தீர்மானிக்கிறார்கள்? நான் வாத்தியார்களை மட்டும் வையப்போவதில்லை. அறுபது பிள்ளை இருக்கிற வகுப்பு, வருசக் கடைசி, மேலே இருந்து தேர்ச்சி விகிதம் எத்தனை என்று நெருக்கடி. ஆய்வுக் கூட்டத்தில் எந்த அதிகாரியும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை. சதவீதத்தைத்தான் கேட்கிறார்கள். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் ஒரு பட்டியல் தயாராகும். மெல்லக் கற்போர். இப்போது மரியாதையாக மெல்ல மலர்வோர். நான் பார்த்த பட்டியல்களில் காலனிப் பெயர்கள் கூடுதலாகவும் மெயின்ரோட்டு வீட்டுப் பெயர்கள் குறைச்சலாகவும்தான் இருந்தன. பட்டியலில் பேர் ஏறினால் புத்தகம் மூடப்படும், மினிமம் மெட்டீரியல் திறக்கப்படும். அதற்குப் பெயர் கருணை. "இவனுக்கு முப்பத்தஞ்சு போதும்" என்று அதில் எழுதாமல் எழுதியிருக்கிறது. எவனுக்கு எது போதும் என்று அளந்து வைப்பதுதான் சாதி. தர்மசாத்திரங்களின் காலத்தில் காதில் ஈயம். இப்போது கையில் கீவேர்டு.

பெற்றோர்கள் தந்திரமாக ஒன்றைச் செய்து பார்த்தார்கள். 2012-13இலிருந்து அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியம் பிரிவுகள் பெருகின. காலனியே அங்கே திரும்பியது. அவர்கள் ஆசையைப் பழிக்க எனக்கு வாய் வராது. தமிழின் பெருமையை மேடையில் பேசிவிட்டுப் பேரனைக் கான்வென்டில் விடுகிற பெரியவர்களுக்கு அந்த வாய் இருக்கிறது. ஆனால் நடந்தது என்னவென்றால், இங்கிலீஷ் பேப்பரில் மட்டும் இருந்த மிளுவைப் பத்தி அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் பரவியது. உத்தரப்பிரதேசத்தில் பாங்கா என்கிற ஊரில் 2010இல் நம்மவர்கள் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் எழுப்ப ஆரம்பித்தார்கள். அந்தக் கோபமும் ஆசையும் எனக்குப் புரிகிறது. தெய்வமாக்கினால் கும்பிடத்தான் முடியும். அம்பேத்கர் இங்கிலீஷைக் கும்பிடவில்லை, கையாண்டார். 1942இலிருந்து 1946வரை வைசிராய் கவுன்சிலில் தொழிலாளர் துறையைப் பார்த்தவர், சட்டத்தின் ஒவ்வொரு "அன்லெஸ்"ஸும் யாரைக் காக்கும் யாரைக் கவிழ்க்கும் என்று தெரிந்து பார்த்தவர்.

மேல்படிப்பிலும் இந்தச் சனியன் விடுவதில்லை. யூபிஎஸ்சி 2011இல் சீசாட் தாளைக் கொண்டுவந்தது. அதில் இங்கிலீஷ் பத்திக் கேள்விகள். 2014இல் டெல்லியில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தப் போராட்டத்தில் அடிபட்ட உதாரணம் ஒன்று. ஸ்டீல் பிளான்ட் என்பதை இந்தியில் இரும்புச் செடி என்று மொழிபெயர்த்திருந்தார்கள். கேட்பவர்கள் சிரித்தார்கள். அதிகாரியின் மொழிபெயர்ப்பும் நம் பிள்ளையின் கீவேர்டும் ஒரே வியாதி என்று யாரும் சொல்லவில்லை. அந்த வருசம் இங்கிலீஷ் பத்தி மார்க்கைத் தரவரிசையில் சேர்க்காமல் விட்டார்கள், 2015இல் அந்தத் தாளையே 33 சதவீதம் எடுத்தால் போதும் என்ற தகுதித் தாளாக்கினார்கள். இந்திக்காரனுக்கு இரும்புச் செடியாவது முளைத்தது. தமிழ்க்காரனுக்கு அந்தத் தாளில் ஒரு வரியும் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. நம்ம மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்தவர், நம்ம தெருப் பேச்சில் எழுதினது. 2000இல் இங்கிலீஷில் வந்தது. இப்போது பல கல்லூரிகளில் இங்கிலீஷ் இலக்கியப் பாடம். நம்ம காலனியிலிருந்து பி.ஏ. இங்கிலீஷ் சேர்ந்த பிள்ளை, தன் ஆத்தாவின் வாழ்க்கையை இங்கிலீஷ் கைடில் பத்துக் கீவேர்டாக மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருகிறாள். ஒப்ரெஷன், ஐடென்டிட்டி, மார்ஜினலைசேஷன். "இது நம்ம கததான் தாயி, தமிழ்ல வாசி" என்று புத்தகத்தைக் கொடுத்தேன். ரெண்டு நாளில் வாசித்துவிட்டு வந்து, "கைடுல இருக்கிறது இதுல ஒண்ணுமே இல்லையே சார்" என்றாள்.

என்ன செய்யலாம்? நம் ராத்திரிப் பள்ளிகளில் நாளைக்கே தொடங்க முடிகிறதைச் சொல்கிறேன். சின்னச் சொற்களை முதலில் சொல்லிக்கொடுப்போம். நாட், நோ, அன்லெஸ், எக்செப்ட், ஒன்லி, பிஃபோர், அன்டில். இருபது இருபத்தைந்து சொல்தான். ஒவ்வொன்றையும் எடுத்துவிட்டால் வாக்கியம் எப்படிக் கவிழ்கிறது என்று பிள்ளைகளே செய்து பார்க்கட்டும். பத்தியை முதலில் நம்ம பேச்சில் ஒருத்தருக்கொருத்தர் சொல்லட்டும், பிறகு விடை எழுதட்டும். கேள்வியைப் பிள்ளைகளே தயாரிக்கட்டும். கேள்வி கேட்கத் தெரிந்தவன் மிளுவை என்றால் என்ன என்று கேட்காமல் விட மாட்டான். பாடப் பத்திக்கு இங்கிலீஷ் புத்தகத்தை மட்டும் நம்பவேண்டாம். பட்டாசுப் பெட்டியில் அச்சான எச்சரிக்கை, மருந்து மூட்டையின் லேபிள், லைசென்சு நிபந்தனை, பிஎஃப் தாள், இழப்பீட்டு விண்ணப்பம் எல்லாம் நமக்குப் பத்திதான். அம்மாமார்களும் வந்து உட்காரட்டும். பெட்டியில் லேபிள் ஒட்டுவது அவர்கள்தானே. மார்க்கும் வரும். வாசிக்கத் தெரிந்த பிள்ளை கீவேர்டைக் கண்டுபிடிக்க எத்தனை நேரம் பிடிக்கும்?

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. பத்தியில் உள்ள வரியைப் பெயர்த்து எழுதினால் கிடைக்காத விடையைக் கேளுங்கள், அதற்கு மார்க் வையுங்கள். பொதுத்தேர்வுக்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் உட்கார்ந்து வாசித்துச் சொல்லவும், அதைக் கேட்க ஒரு ஆசிரியர் இருக்கவும் நேரம் ஒதுக்குங்கள். அதற்குத் தேவையான ஆசிரியர்களைக் காலனிப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளுக்கு முதலில் போடுங்கள். ஒவ்வொரு ஆலையின் லைசென்சு நிபந்தனைகளையும் முழுசாகத் தமிழில் வாசலில் எழுதிப்போடுங்கள்.

அடுத்த மே மாதம் ரிசல்ட் வரும். விருதுநகர் முதலா மூன்றா என்று தொலைக்காட்சியில் ஓடும். அன்றைக்கு நம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்குப் போவோம். சதவீதத்தைச் சொல்லும் அதிகாரியின் முன்னால் 1923 சட்டத்தின் அந்த ஒரு வாக்கியத்தை நம் பிள்ளை வாசித்து, தமிழில் அர்த்தம் சொல்லட்டும். பிறகு அவர் அந்தச் சதவீதத்தைச் சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம்.